மலிவு ஸ்பிட்ஃபயரா, விலை கூடின ஸ்பிட்ஃபயரா? பிளாஸ்டிக் விமான கிட் தேர்ந்தெடுக்கவும் கட்டவும் ஒரு முழுமையான வழிகாட்டி

போன விடுமுறையில் அக்கா மகன் என் மேசைக்கு வந்து, பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் விமான கிட் பெட்டிகள் இரண்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். இரண்டிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் முதல் வகை, மார்க் 1. இரண்டும் 1:48 அளவு, அதாவது நிஜ விமானத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. "மாமா, ஒரே பிளேன்தானே? இதுக்கு மட்டும் ஏன் இவ்ளோ வெலை?" என்று கேட்டான்.

கடையில் நிற்கும் எல்லோருக்கும் வரும் கேள்விதான். அவனை உட்காரவைத்து இரண்டு பெட்டிகளையும் பிரித்துக் காட்டினேன். அன்று அவனுக்குச் சொன்னதையே இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கூடுதல் பணத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அழகல்ல, நேரம். புட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, மறுபடி தேய்க்கும் மாலைகள் மிச்சமாகின்றன. அந்த மாலைகள் உங்களுக்குச் சுமையா, சுகமா என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் பெட்டி உங்களுக்கு என்று தீர்மானமாகும்.

எடுத்துக்காட்டாக ஸ்பிட்ஃபயரையே வைத்துக்கொள்கிறேன். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் முதல் விமான கிட்டே 1953-இல் வந்த ஸ்பிட்ஃபயர்தான். இன்றுவரை எல்லா விலையிலும் எல்லா அளவிலும் கிடைக்கும் விமானம் இது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான ஒன்று கிடையாது.

படி 1: அளவை முடிவு செய்துவிட்டு விலையைப் பாருங்கள்

1:72 கிட்டின் விலையை 1:48 கிட்டின் விலையோடு ஒப்பிட்டு "இது மலிவு" என்று முடிவு கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஸ்பிட்ஃபயரின் இறக்கை விரிவு 11.23 மீட்டர். 1:72-இல் அது 15.6 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். 1:48-இல் 23.4, 1:32-இல் 35 சென்டிமீட்டர். நீளம் ஒன்றரை மடங்கானால் பரப்பு இரண்டேகால் மடங்காகும். பிளாஸ்டிக்கும் பெயிண்டும் அலமாரியில் இடமும் அதற்கேற்பக் கூடும்.

72 என்பது எங்கிருந்து வந்த எண் என்று பலர் கேட்பார்கள். நிஜத்தில் ஆறடி, மாடலில் ஓர் அங்குலம். பிரிட்டனில் ஃபிராக் நிறுவனம் 1936-இல் 'பெங்குவின்' என்ற பெயரில் விற்ற பிளாஸ்டிக் கிட்டுகள் இந்த அளவில்தான் இருந்தன. 48 என்றால் ஓரடிக்குக் கால் அங்குலம்.

வீட்டில் இடம் குறைவு, நிறைய விமானங்கள் வரிசையாக வேண்டும் என்றால் 1:72. காக்பிட்டுக்குள், அதாவது விமானி உட்காரும் அறைக்குள், எட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் 1:48. முதல் கிட்டை 1:32-இல் வாங்க வேண்டாம். தவறுகளும் அந்த அளவில் பெரிதாகத் தெரியும்.

படி 2: அச்சு பிறந்த ஆண்டைக் கண்டுபிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்றுவீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

கிட்டின் பாகங்கள் எஃகு அச்சில் உருகிய பாலிஸ்டைரீனை அழுத்திச் செலுத்தி வார்க்கப்படுகின்றன. செலவில் பெரும்பங்கு அந்த அச்சைச் செய்வதற்குப் போகிறது. ஆகவே ஒருமுறை செய்த அச்சை நிறுவனங்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள்கூடப் பயன்படுத்தும். பெட்டி ஓவியத்தை மாற்றி, புது டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலம்) போட்டு, மறுபடி கடைக்கு அனுப்பும். பெட்டியில் போட்டிருக்கும் ஆண்டு அந்தப் பதிப்பின் ஆண்டுதான். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உங்கள் அப்பா காலத்து வடிவமாக இருக்கலாம்.

ஜப்பானின் டாமியா நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1:48 ஸ்பிட்ஃபயர் மார்க் 1 என்று இரண்டு கிட்டுகள் உண்டு. 61032 என்ற எண் கொண்டது 1990-களில் செய்த அச்சு. 61119 என்ற எண் கொண்டது 2018-இல் முற்றிலும் புதிதாகச் செய்தது. ஒரே பெயர், ஒரே சின்னம், ஒரே அளவு. உள்ளே இருப்பவை வேறு வேறு கிட்டுகள். இணையத்தில் வாங்குபவர்கள் எண்ணைப் பார்க்காமல் பணம் கட்டவே கூடாது. ஏர்ஃபிக்ஸிலும் இதே கதைதான். 1:72 மார்க் 1ஏ 2010-இல் வந்த புது அச்சு. அதற்கு முந்தைய ஏர்ஃபிக்ஸ் ஸ்பிட்ஃபயர்கள் பழைய கடைகளில் இன்னும் கிடைக்கின்றன.

பிறரது அச்சில் வார்த்ததைத் தம் பெட்டியில் போட்டு விற்பதும் இத்துறையில் சகஜம். ரெவெல் நிறுவனத்தின் பெட்டிக்குள் மோனோகிராம் என்ற வேறு நிறுவனத்தின் பழைய அச்சு இருக்கலாம், ஹாசெகாவா நிறுவனத்தின் பிளாஸ்டிக்கும் இருக்கலாம். எடுவார்டு நிறுவனத்தின் விலையுயர்ந்த லிமிடெட் எடிஷன் பெட்டிகள் சிலவற்றில்கூட அகாடமி அல்லது ரெவெல் நிறுவனத்தின் பிளாஸ்டிக்தான் இருக்கும். எடுவார்டு சேர்ப்பது டெக்காலும் உலோகத் தகடும் ரெசின் பாகங்களும். அதில் ஏமாற்று எதுவும் கிடையாது, பெட்டியைப் பற்றிய விவரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். நாம்தான் படிக்க வேண்டும்.

ஸ்கேல்மேட்ஸ் என்ற இணையத் தரவுதளத்தில் கிட்டின் பெயரையோ எண்ணையோ போட்டால் அதன் வம்சாவளி முழுவதும் காலக்கோடாக வரும். எந்த ஆண்டு புது அச்சு, எந்தெந்த ஆண்டு பெட்டி மட்டும் மாறியது என்று பார்த்துக்கொள்ளலாம். 2010-க்குப் பிறகு பிறந்த மலிவு கிட்டுக்கும் 1975-இல் பிறந்த மலிவு கிட்டுக்கும் உள்ள தூரம், இன்றைய மலிவு கிட்டுக்கும் விலை கூடின கிட்டுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். புதியவர் ஒருவர் மலிவு என்று பழைய அச்சை வாங்கி, இறக்கை உடலோடு சேராமல் தவித்து, கலையையே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படி 3: பெட்டியில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்

செக் நாட்டு எடுவார்டு நிறுவனம் ஒரே பிளாஸ்டிக்கைப் பல விலைகளில் விற்கிறது. 'வீக்கெண்ட்' பெட்டியில் பிளாஸ்டிக், டெக்கால், செய்முறைத்தாள் மட்டும். 'புரோஃபிபேக்' பெட்டியில் இவற்றோடு வண்ணம் அச்சிட்ட உலோகத் தகடு, கேனோபிக்கும் (விமானியின் மேல் மூடும் கண்ணாடிக் கூடு) சக்கரங்களுக்கும் வெட்டித் தயாராக வைத்த மாஸ்க் (பெயிண்ட் படாமல் மறைக்கும் ஒட்டுத்தாள்), கூடுதல் விமானங்களுக்கான டெக்கால். அச்சு ஒன்றேதான். இறக்கை சேரும் விதம், பேனல் கோட்டின் நுட்பம் எதிலும் வித்தியாசம் இல்லை.

ஆகவே முதல் எடுவார்டு வாங்குபவருக்கு என் யோசனை: வீக்கெண்டை வாங்குங்கள், மாஸ்க்கை மட்டும் தனியாக வாங்கிச் சேருங்கள். உலோகத் தகட்டை மடித்து ஒட்டுவது தனி வித்தை. முதல் கிட்டிலேயே அதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கேனோபிச் சட்டங்களை மாஸ்க் இல்லாமல் நேராகப் பெயிண்ட் செய்வதோ எல்லோருக்கும் கைவராது. ஸ்பிட்ஃபயரின் முன்கண்ணாடிச் சட்டத்தை நானே பல முறை கெடுத்திருக்கிறேன்.

2018 டாமியாவில் சிறிய உலோகத் தகடு பெட்டியிலேயே வருகிறது, காக்பிட் கதவும் தனிப் பாகம். மறுபுறம் ஏர்ஃபிக்ஸின் தொடக்கநிலைப் பெட்டிகளில் சின்ன டப்பா பெயிண்டுகள், பிரஷ், பசை எல்லாம் சேர்ந்தே இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் பரிசு என்றால் அதையே கொடுங்கள். பசை இல்லாமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

விலை கூடினால் கட்டுவது எளிது என்ற விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. குறைந்த எண்ணிக்கையில் வார்க்கும் நிறுவனங்கள், குறிப்பாக ஸ்பெஷல் ஹாபி, ஸ்வோர்டு போன்ற செக் நாட்டு நிறுவனங்கள், வேறு யாரும் செய்யாத விமானங்களைச் செய்கின்றன. சில ஆயிரம் பெட்டிகளில் அச்சுச் செலவை ஈடுகட்ட வேண்டியிருப்பதால் விலை உயர்ந்து நிற்கும். ஆனால் பாகங்களைப் பொருத்தும் முளைகள் பலவற்றில் இருக்காது, ஓரங்களைத் தேய்த்துத்தான் சேர்க்க வேண்டும். அந்த விலை அபூர்வத்துக்கான விலை. அனுபவம் வந்தபிறகு அவற்றுக்குப் போகலாம்.

படி 4: ஸ்ப்ரூவை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள்

பெட்டியைத் திறந்ததும் கத்தியை எடுக்காதீர்கள். பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களை (இவைதான் ஸ்ப்ரூ) ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். அச்சு எவ்வளவு கவனத்தோடு செய்யப்பட்டது என்பது அங்கே தெரியும்.

முதலில் பேனல் கோடுகள். நிஜ விமானத்தின் உலோகத் தகடுகள் சேரும் இடங்களை மாடலில் கோடாகக் காட்டுகிறார்கள். 1:72-இல் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்றால், நிஜத்தில் அது 14 மில்லிமீட்டர் இடைவெளி. உங்கள் சுண்டுவிரல் உள்ளே போய்விடும்! அப்படியொரு விமானம் பறந்திருக்க முடியாது. கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்ல அச்சு. ஏர்ஃபிக்ஸின் புது ஸ்பிட்ஃபயர்களில் கோடுகள் சற்றுத் தடிமன்தான், பிரஷ்ஷால் இரண்டு கை பெயிண்ட் அடித்தபின் ஓரளவு அடங்கிவிடும். டாமியாவிலும் எடுவார்டிலும் முடி போல இருக்கும், தடிமனாகப் பெயிண்ட் அடித்தால் மூடிப்போகும். மெல்லிய கோடுள்ள கிட் நம்மிடமும் மெல்லிய பெயிண்டைக் கேட்கும். பிரஷ்ஷால் மட்டும் அடிப்பவருக்குத் தடிமனான கோடு வசதியாகவே அமைவதுண்டு.

அடுத்து ரிவெட்டுகள், அதாவது உலோகத் தகடுகளைப் பிணைக்கும் ஆணிகள். எடுவார்டின் 2020 மார்க் 1 கிட்டில் மேற்பரப்பு முழுவதும் ரிவெட் வரிசைகள் உண்டு. ஸ்பிட்ஃபயரின் ரிவெட்டுக்கு ஒரு கதை இருக்கிறது, சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ரிவெட் தலைகள் மேற்பரப்போடு மட்டமாக இருக்க வேண்டுமா, புடைத்திருந்தால் எவ்வளவு வேகம் குறையும் என்று பார்க்க, முதல் மாதிரி விமானத்தின் மட்ட ரிவெட்டுகள் மேல் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறந்து பார்த்தார்கள். எல்லா இடத்திலும் பருப்பு இருந்தபோது மணிக்கு 22 மைல் வேகம் குறைந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பருப்பை உதிர்த்து, எந்த இடத்தில் புடைப்பு இருந்தால் பாதகமில்லை என்று கண்டார்கள். அதனால்தான் இறக்கையில் மட்ட ரிவெட்டும் உடலின் பின்பகுதியில் புடைத்த ரிவெட்டும் வந்தன. ரிவெட் உள்ள கிட்டை வாங்கினால் அதன்மேல் மெல்லிய வாஷ் (நீர்த்த அடர்நிறப் பூச்சு) கொடுக்கும்போது இது நினைவுக்கு வரும்.

பிறகு இறக்கையின் பின்னோரம். 1:72-இல் அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர், பலகை போல. மலிவு கிட்டில் அதிகம் உறுத்தும் இடம் இதுதான். நல்ல செய்தி என்னவென்றால், இறக்கையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒட்டுவதற்கு முன் உட்புறத்தை உப்புத்தாளில் தேய்த்தால் அரைமணியில் சரியாகிவிடும்.

ஓரப் பிசிறு, தடித்த இடங்களில் பிளாஸ்டிக் குளிர்ந்து சுருங்கிய குழிவு, அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிய ஊசியின் வட்டத் தழும்பு, இவற்றையும் பாருங்கள். தழும்பு இல்லாத கிட் எந்த விலையிலும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் தழும்பு விழும்படி அச்சை வடிவமைப்பதற்கு வாங்குகிறார்களே, அதுதான் உயர்விலை. கடைசியாகக் கேனோபியைச் செய்தித்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து வளைந்து தெரிந்தால் கண்ணாடி தடிமன். மூடிய நிலையில் ஒட்டிவிடுங்கள்.

படி 5: பசை தொடாமல் சேர்த்துப் பாருங்கள்

ஸ்பிட்ஃபயரில் சோதிக்க வேண்டியவை மூன்று இடங்கள்: இறக்கையின் மேற்புறம் உடலோடு சேரும் வளைவு, இறக்கையின் அடிப்பகுதி உடலின் பின்பாகத்தைத் தொடும் இடம், இறக்கையின் மேல்நோக்கிய சாய்வு. சாய்வு ஆறு டிகிரி. அது குறைந்தால் பேனல் கோடு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் ஸ்பிட்ஃபயர் போலவே தெரியாது.

காக்பிட் இல்லாமல் உடலின் இரு பாதிகளையும் டேப்பால் சேர்த்து, இறக்கையைப் பொருத்திப் பாருங்கள். 2018 டாமியாவில் இணைப்புகள் பெரும்பாலும் நிஜ விமானத்தின் பேனல் கோட்டிலேயே விழுகின்றன, சேர்த்த இடத்தை மறைக்க வேண்டிய அவசியமே வராது. கூடுதல் விலையை நான் மனதாரக் கொடுப்பது இதற்காகத்தான்.

இறக்கை வேரில் இடைவெளி தெரிந்தால் உடனே புட்டியைத் தேடாதீர்கள். ஸ்ப்ரூ துண்டு ஒன்றை அளவாக வெட்டி, உடலுக்குள் குறுக்கே வைத்து இரு பக்கங்களையும் லேசாக வெளியே தள்ளுங்கள். இடைவெளி தானாக மூடும். காக்பிட்டை வைத்தபிறகு உடல் மூடவில்லை என்றால் காக்பிட்டின் பக்கச் சுவர்களைத் தேயுங்கள், உடலை அழுத்தி ஒட்டாதீர்கள். அழுத்தி ஒட்டிய இணைப்பு ஒரு மாதம் கழித்து விரியும். பழைய மலிவு கிட் ஒன்றில் எனக்கு அப்படி ஆகி, பெயிண்ட் முடிந்த உடலின் முதுகில் கோடாக வெடித்தது.

படி 6: கருவிகளுக்குத் தனிக் கணக்கு வையுங்கள்

மலிவு கிட் வாங்கி மிச்சப்பட்ட பணத்தைக் கருவிகளில் போடுவதே என் முறை. கிட் ஒருமுறை தீரும், கருவி பல ஆண்டு வரும். தட்டையான முனை கொண்ட கூர்மையான சைட் கட்டர், மாற்றும் அலகுள்ள கத்தி, 400, 800, 1500 எண் உப்புத்தாள்கள், நகம் தேய்க்கும் பஞ்சுப் பட்டை, துணி காயப்போடும் கிளிப்புகள். பசை விஷயத்தில் டியூப் பசையை ஒதுக்கிவிட்டு, பிரஷ் மூடி கொண்ட நீர்ப்பசை வாங்குங்கள். டாமியாவின் பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின் பலரும் பயன்படுத்துவது. பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இணைப்பில் பிரஷ்ஷைத் தொட்டால் பசை தானே உள்ளே ஓடும்.

கேனோபிக்கு மட்டும் இதைத் தொடாதீர்கள். சூப்பர் குளூவும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலம் படியவைக்கும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை போதும், காய்ந்ததும் நிறமற்றுப் போகும்.

காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் உடனே வேண்டாம். வாங்கியவர்கள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லாக்கர் வகைப் பெயிண்ட் அடிக்காமல் இருப்பது நல்லது. காற்றின் ஈரம் படிந்து மேற்பரப்பு வெளுத்துப் பூக்கும்.

படி 7: மலிவு கிட்டில் உழைப்பை எங்கே போடுவது

எல்லா இடத்திலும் உழைத்தால் சலித்துவிடும். பார்ப்பவர் கண் முதலில் போகும் இடங்கள் சில. மூக்கின் இருபுறமும் உள்ள புகைக்குழாய் முனைகளைக் கத்தி நுனியால் சுழற்றிக் குழியாக்குங்கள். ஐந்து நிமிட வேலை, மாடலின் முகமே மாறிவிடும். பின்னோரங்களை மேலே சொன்னபடி மெலிதாக்குங்கள். இருக்கைப் பட்டியை மாஸ்க்கிங் டேப்பை மெல்லிய கீற்றாக வெட்டிச் செய்யலாம், 1:72-இல் உலோகத் தகட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். எட்டுத் துப்பாக்கித் துளைகளைத் துளையிட வேண்டாம். தூசி போகாமலிருக்கப் பறப்பதற்கு முன் சிவப்புத் துணி ஒட்டுவார்கள், அந்தச் சிவப்புச் சதுரங்கள் பெரும்பாலும் டெக்காலிலேயே இருக்கும்.

காக்பிட்டுக்குள் கூடுதல் பாகங்கள் வாங்கி அடுக்காதீர்கள். ஸ்பிட்ஃபயரின் காக்பிட் குறுகியது. கேனோபி மூடிய 1:72 மாடலில் சாம்பல் பச்சை நிறமும் பட்டியும் தவிர எதுவும் தெரியாது. கேனோபியையும் கதவையும் திறந்துவைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அங்கே செலவு செய்யுங்கள்.

படி 8: டெக்கால்

மலிவு கிட்டை உயர்விலை கிட் போலவும், உயர்விலை கிட்டை மலிவு போலவும் காட்டக்கூடியது டெக்கால். இத்தாலியின் கார்டோகிராஃப் அச்சிட்டது என்று பெட்டியில் இருந்தால் நம்பி வாங்கலாம். நிறங்கள் விலகாது, படலம் மெல்லியது. டாமியாவின் பிளாஸ்டிக் எவ்வளவு சிறந்ததோ, அதன் டெக்கால் சற்றுத் தடிமன் என்பது என் கருத்து. மென்மையாக்கும் திரவம் தாராளமாகத் தேவைப்படும். எடுவார்டின் அண்மைக்கால டெக்கால்களில், ஒட்டிக் காய்ந்தபின் மேல்படலத்தை உரித்தெடுத்துவிடலாம். நிறம் மட்டும் தங்கும்.

சோதிக்க ஓர் எளிய வழி: 1940 கோடையில் ஸ்பிட்ஃபயர் உடலின் பக்கவாட்டு வட்டச் சின்னம் பெரும்பாலும் 35 அங்குலம். 1:72-இல் 12.3, 1:48-இல் 18.5 மில்லிமீட்டர் வர வேண்டும். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். நடுச்சிவப்பு மையத்தில் இல்லையென்றால் வேறு டெக்கால் தாள் தனியாக வாங்குவது நல்லது.

எந்த விமானத்தைச் செய்வது என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தனி ஆசையைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம் ஸ்குவாட்ரனுக்கு (படைப்பிரிவு) 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர். போர் விமானங்களுக்காக மதராஸ் மாகாணம் திரட்டிக் கொடுத்த நிதியின் நினைவாக வந்த பெயர். ஹரிக்கேன் போர் விமானம் ஓட்டிய 79-ஆம் ஸ்குவாட்ரனுக்கும் டிஃபையன்ட் போர் விமானம் ஓட்டிய 264-ஆம் ஸ்குவாட்ரனுக்கும் இதே பெயர் உண்டு. 234 பறந்தது ஸ்பிட்ஃபயர். 1940 ஆகஸ்ட்டில் தென் இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்துக்குப் போய்க் கடும் சண்டையிட்டது. ஆஸ்திரேலிய வீரர் பாட் ஹியூஸ் அங்கிருந்துதான் பறந்தார். செப்டம்பர் 7 அன்று இறந்தார். உடலில் எழுத வேண்டிய குறியீடு 'ஏ இசட்'. பெட்டியில் இந்த எழுத்துகள் இல்லாவிட்டாலும், சாம்பல் நிற எழுத்துத் தாள்கள் தனியாகக் கிடைக்கின்றன. மேலே அடர்மண் நிறமும் அடர்பச்சையும், கீழே வெளிர்பச்சை சாயலுள்ள 'ஸ்கை'.

ஒட்டுவதற்கு முன் மேற்பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கலான பெயிண்டின் மேல் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். பளபளப்பு வார்னிஷ், ஒரு நாள் காயவிடுதல், டெக்கால், மென்மையாக்கும் திரவம். திரவம் பட்டதும் டெக்கால் சுருங்கிக் கிழிந்ததுபோலத் தெரியும். பதறித் தொட்டுவிடாதீர்கள், காலையில் பேனல் கோட்டுக்குள் படிந்து இருக்கும். பிறகு மங்கல் வார்னிஷ். அது நன்றாகக் காய்ந்த மறுநாள், கேனோபி மாஸ்க்கின் ஒரு மூலையைப் பல்குத்தும் குச்சியால் கிளப்பி, மெதுவாக உரியுங்கள்.